அடுத்தவர் நிலத்தில் ஒரு தடம்

2019 டிசம்பரில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஈஸ்ட் பர்க் கிராமத்தில் மூன்று நில உரிமையாளர்கள் ஒரு முடிவைத் தெரிவித்தார்கள்: இனிமேல் தங்கள் நிலத்தில் மலைச் சைக்கிள் ஓட்டக் கூடாது. வழக்கு இல்லை, மறியல் இல்லை, அரசாணை இல்லை. கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். வட அமெரிக்காவிலேயே பேர்போன சைக்கிள் தடங்களில் ஒன்றான ‘கிங்டம் ட்ரெயில்ஸ்’ வலையமைப்பின் நடுப்பகுதி அதோடு துண்டானது. செய்திகளில் அடிபட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று கூட்டம், இன்னொன்று அந்தக் கூட்டத்தில் சிலரின் நடத்தை. இதை மூன்று பேரின் மனக்கசப்பு என்று ஒதுக்கிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் கிராமப்புறத்தை உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டுப் பிழைக்கலாம் என்று உலகெங்கும் போடப்படும் கணக்கில் எது விடுபட்டுப்போகிறது என்பதை இந்த மூவரும்தான் காட்டிக்கொடுத்தார்கள். மலைச் சைக்கிள் தடத்துக்கு முதலீடு மலையும் இல்லை, பணமும் இல்லை. நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணையில் கிடைக்கும் ஒரு ‘சரி’தான் அதன் முதலீடு. வருகிறவர்களின் எண்ணிக்கை கூடக் கூட அது கரைந்துகொண்டே போகும். ஆகவே வெற்றி பெற்ற தடம் தனக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். நிலத்துக்காரர் கட்டும்வரை காத்திருந்தால் அந்த வரம்பு வேலியாகத்தான் வரும்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ‘பைக்’ என்றால் நம் ஊரில் மோட்டார் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது எஞ்சின் இல்லாத, பருத்த டயரும் அதிர்வு தாங்கும் முன்சட்டமும் கொண்ட சைக்கிளைப் பற்றி. 1970-களில் கலிஃபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலைச்சரிவில், பழைய கனத்த சைக்கிள்களை மாற்றிக் கட்டிச் சில இளைஞர்கள் தீயணைப்பு வண்டிப் பாதைகளில் விட்ட ஓட்டத்திலிருந்து பிறந்த விளையாட்டு இது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் வரை போய்விட்டது. பெயரில் மலை இருந்தாலும் இதற்கு உயரமான சிகரம் தேவையில்லை. ஏறி இறங்கி, திரும்பவும் ஏறி இறங்கும் மேட்டுநிலம்தான் தேவை. பத்து நிமிடம் மூச்சு வாங்கினால் ஐந்து நிமிடம் காற்றில் மிதக்கலாம். அடுத்த மேடு காத்திருக்கும். இப்படிப்பட்ட நிலம் உலகின் பெரும்பாலான இடங்களில் வனத்துறையிடம் இருப்பதில்லை, விவசாயிகளிடம் இருக்கிறது. இந்த விளையாட்டின் அரசியல் முழுவதும் இந்த ஒரு உண்மைக்குள் அடங்கிவிடும்.

ஈஸ்ட் பர்க் அதற்குச் சரியான உதாரணம். வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள மூன்று மாவட்டங்களுக்கு ‘வடகிழக்கு ராஜ்ஜியம்’ என்று செல்லப்பெயர். 1949-இல் ஜார்ஜ் ஐக்கன் என்ற செனட்டர் சூட்டியதாகச் சொல்வார்கள். கிங்டம் ட்ரெயில்ஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதன் நெஞ்சுப் பகுதியான டார்லிங் மேடு ஒரு காலத்தில் எல்மர் டார்லிங்கின் சொத்து. நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலை நடத்திய அவர், ஹோட்டலின் சமையலறைக்குப் பாலும் வெண்ணெயும் இறைச்சியும் அனுப்ப 1883-இல் சொந்த ஊரில் இந்தப் பண்ணையைத் தொடங்கினார். பிறகு மேட்டின் மேல் ஒரு மாளிகையும் கட்டினார். பர்க், லிண்டன் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களையும் ஒட்டவைத்து அதற்கு பர்க்லின் என்று பெயர். பெருநகரம் சாப்பிடுவதற்காக ஒரு மலைச்சரிவு உழைத்த காலம் அது. இன்று பெருநகரத்துக்காரர்கள் விளையாட அதே சரிவு வேண்டியிருக்கிறது. நடுவில் நடந்ததைப் பாலே சொல்லும்: 1940-களில் 11,000-க்கும் மேல் இருந்த வெர்மான்ட் பால் பண்ணைகள் இப்போது 600-க்கும் கீழே வந்துவிட்டன. மேய்ச்சல் வெளிகள் புதர் மண்டின, கொட்டகைகள் சாய்ந்தன. 1994-இல் உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து லாபநோக்கில்லாத ஒரு சங்கம் அமைத்தார்கள். கைவிடப்பட்ட வண்டிப்பாதைகளையும் மாட்டுத்தடங்களையும் மரம்வெட்டிகளின் வழிகளையும் வீடு வீடாகக் கேட்டு இணைத்தார்கள். 2019 வாக்கில் அது ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளத்துக்கு, கிட்டத்தட்ட நூறு தனியார் நிலங்களின் ஊடாக ஓடியது.

நூறு நிலங்கள் என்றால் நூறு அனுமதிகள். அந்த அனுமதி எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் முக்கியம். நம்மூர் முன்சீஃப் கோர்ட்டுகளில் பாதைத் தகராறு பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் பாதை உரிமையை ஒரு பக்கமும், வெறும் அனுமதியை இன்னொரு பக்கமும் வைக்கிறது. முன்னது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு தலைமுறை கடந்து போகும். பின்னது கொடுத்தவர் நினைத்தால் பெரும்பாலும் போய்விடும். டார்லிங் மேட்டில் இருந்தது பின்னது. வெர்மான்ட்டில் அது அந்நியமான ஏற்பாடு இல்லை. வேலியடைக்காத நிலத்தில் யாரும் வேட்டையாடலாம் என்று 1777-இலேயே எழுதிவைத்த அரசியல் சாசனம் அந்த மண்ணுக்கு உண்டு. வேட்டைக்காரர் வரக் கூடாது என்று பலகை மாட்ட விரும்பும் உரிமையாளர் இன்றும் ஆண்டுதோறும் ஊர் அலுவலகத்தில் 5 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். பலகையில் அந்த ஆண்டின் தேதியைப் போட வேண்டும். திறந்திருப்பது இயல்பு, மூடுவதற்குத்தான் மெனக்கெட வேண்டும் என்ற மனப்பாங்கு இதனால் வேரூன்றியது. சைக்கிள் தடங்கள் முளைத்ததும் இதே மண்ணில்தான்.

உடனே வரும் கேள்வி: இவ்வளவு பேர் வந்து போகும் இடத்தில் நிலத்துக்காரருக்கு வாடகை கொடுத்துவிட்டால் என்ன? சங்கம் சைக்கிள்காரர்களிடம் கட்டணம் வாங்குகிறது. அதில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்தால் மனத்தாங்கல் தீர்ந்துவிடாதா? நியாயமாகத் தெரியும் இந்த யோசனை ஒரு சட்ட முடிச்சில் போய்ச் சிக்குகிறது. வெர்மான்ட்டில், காசு வாங்காமல் தன் நிலத்தைப் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடும் உரிமையாளர் மீது, அங்கே விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர் எளிதில் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பைச் சட்டம் தருகிறது. அனுமதிக்காக உரிமையாளரே பணம் வாங்கினால் அந்தக் கவசம் கழன்றுவிடும். ஒரு முதுகெலும்பு முறிவுக்கு அமெரிக்க நீதிமன்றம் விதிக்கக்கூடிய தொகையை நினைத்துப் பார்த்தால், ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் வாடகைக்காக யாரும் பண்ணையைப் பணயம் வைக்க மாட்டார்கள். வரிச்சலுகை கொடுக்கலாமே என்பார்கள். பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர், நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தால் நிலமதிப்பீட்டில் 20 சதவீதம் குறைத்துக்கொள்கிறது. அதற்கான பட்டியலில் வேட்டை, மீன்பிடிப்பு, நடை, பனிச்சறுக்கு, பனிக்காலணி நடை, இயற்கையை வேடிக்கை பார்ப்பது என ஆறு இருக்கின்றன. சைக்கிள் இல்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கும் சக்கரம் என்றால் ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. ஆக, இந்த ஏற்பாடு இலவசமாக இருப்பது ஏமாளித்தனத்தால் இல்லை. இலவசமாக இருப்பதால்தான் அது நடக்கவே நடக்கிறது. காசு பேசாத இடத்தில் வேறு ஏதோ ஒன்று பேச வேண்டும். அண்டைவீட்டு மரியாதை என்பது அதற்கு மிக அருகிலான பெயர்.

அந்த மரியாதை எத்தனை பேருக்குத் தாங்கும்? பர்க் நகராட்சியின் மொத்த மக்கள்தொகையே சுமார் 1,700. தடங்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வருகை பதிவானது. எல்லை தாண்டி கியூபெக்கிலிருந்து வருவோர் அதில் கணிசம். சைக்கிள் இதழ்கள் புகழ்ந்தன, விடுதிகள் நிரம்பின, மூடிக்கிடந்த கடைகள் திறந்தன. இது பொய்யான செழிப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஊரின் பர்க் மலையில் பனிச்சறுக்கு ஹோட்டல் ஒன்று, வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு நிரந்தர வசிப்புரிமை அட்டை காட்டித் திரட்டிய பணத்தில் எழுந்தது. அந்தத் திட்டத்தின் பின்னணியில் மோசடி என்று 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமே வழக்குப் போட்டது. கட்டிய ஹோட்டல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. கோடிக்கணக்கான டாலரால் முடியாததை மண்வெட்டியும் நல்லுறவும் செய்துகாட்டின. ஆனால் நூறு பேர் வந்தபோது கையசைத்துப் போனவர்கள், லட்சம் பேர் ஆனபோது முகம் தெரியாதவர்கள் ஆனார்கள். பண்ணை வழியில் டிராக்டர் போக முடியாமல் நிற்கும் கார், குதிரைக்காரர் பக்கத்தில் மணியடிக்காமல் பாய்ந்து போகும் சக்கரம், வீட்டு முற்றத்தை ஓய்விடமாக நினைக்கும் குழு: இவற்றில் எதுவும் தனியாகப் பெரிய குற்றம் இல்லை. உபகாரமாகத் திறந்துவிட்ட வாசலில் ஞாயிறு தோறும் இவை நடக்கும்போது, உபகாரம் செய்தவருக்கு விருந்தாளியின் பெயர்கூடத் தெரியாது.

சைக்கிளே நிலத்துக்குக் கேடு, கூட்டம் ஒரு சாக்கு என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்குச் சான்று சாதகமாக இல்லை. 1994-இல் வில்சனும் செனியும் மொன்டானா மலைத்தடங்களில் நடத்திய ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுவது. நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் நான்கையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். அதிகமாக மண்ணைக் கிளறிவிட்டது குதிரைக் குளம்பு. நடப்பவரின் காலடிகூடச் சக்கரங்களைவிட அதிக மண்ணைப் பெயர்த்தது. உண்மையில் தடத்தை அரிப்பது தண்ணீர்தான். சரிவுக்கு நேர்க்கோட்டில் போட்ட பாதை முதல் மழையிலேயே ஓடையாகிவிடும். அதனால் தடம் போடுகிறவர்கள் சரிவின் குறுக்காக வழியை இழுக்கிறார்கள். சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் நிற்கப் பார்த்துக்கொள்கிறார்கள். பள்ளப் பக்கமாகப் பாதையை லேசாகச் சாய்த்து, இடையிடையே சிறு மேடும் தாழ்வும் வைத்துத் தண்ணீரை வடியவிடுகிறார்கள். பனி உருகும் ஏப்ரலில் வெர்மான்ட் மண் கூழாகிவிடும். ‘சேற்றுப் பருவம்’ என்றே அதற்குப் பெயர். அந்த வாரங்களில் தடங்கள் எல்லாருக்கும் மூடப்படும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் நிலம் சைக்கிளைத் தாங்கும். டார்லிங் மேட்டில் நிலம் தாங்கியது. மனிதர்களால்தான் தாங்க முடியவில்லை. மண்ணரிப்பைத் தடுக்கும் பொறியியல் கைவசம் இருக்கிறது. பொறுமை அரிக்கப்படுவதைத் தடுக்க அப்படி ஒன்று இன்னும் எழுதப்படவில்லை.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. பொதுமக்கள் நிலத்தில் போய்வரும் உரிமையை மூன்று பேரின் மனநிலைக்கு விடுவது நியாயமா? அதைச் சட்டமாக்கிவிட வேண்டாமா? இங்கிலாந்து அப்படித்தான் செய்தது. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறியது முதல் நீண்ட போராட்டத்தின் பலன் அது. 1968-இன் கிராமப்புறச் சட்டம் குதிரைப்பாதைகளில் சைக்கிளுக்கும் இடம் கொடுத்தது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை. தென் இங்கிலாந்தின் சுண்ணாம்பு மேடுகள் மீது 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வே இந்த உரிமையின் அழகான பயன். ஆடு மேயும் சரிவுகளுக்கு நடுவே, யாரையும் கேட்காமல், யார் தயவும் இல்லாமல் ஒருவர் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை மிதிக்கலாம். இதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் உரிமை என்பது வரைபடத்தில் உறைந்த கோடு. என்றோ சந்தைக்கும் தேவாலயத்துக்கும் போன வழிதான் இன்றும் உரிமை. சைக்கிளுக்கு ஏற்ற வளைவு அதற்கு நூறடி தள்ளி இருந்தாலும் பயனில்லை. பதிவான பொதுப்பாதைகளில் பெரும்பங்கு நடப்பவருக்கு மட்டுமே. சைக்கிளுக்குத் திறந்திருப்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஒரு தடம் நன்றாக இருக்க வேண்டுமென்றால் யாராவது அதைப் போட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை வாய்க்கால் சீராக்க வேண்டும். போகும் உரிமை அந்த வேலையைச் செய்து தராது.

ஸ்காட்லாந்து இன்னும் தாராளம். 2003-இன் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும், சைக்கிள்காரர் உட்பட, பெரும்பாலான நிலங்களில் போகும் உரிமையைத் தந்துவிட்டது. அப்படியானால் அங்கே பிரச்சினையே இருக்கக் கூடாது. இருக்கிறது. போகும் உரிமைக்குள் தடம் வெட்டும் உரிமை அடங்காது. ட்வீட் பள்ளத்தாக்கில், இன்னர்லேத்தன் ஊருக்கு மேலேயுள்ள காட்டில் ஆர்வலர்கள் அனுமதியின்றி வெட்டிய செங்குத்தான தடங்கள் ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்றுவிட்டன. காடு அரசுத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மரம் வெட்டும் இயந்திரம் வரும் பாதையில் சைக்கிள் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் உள்ளூர்த் தொண்டர்கள் சங்கம் அமைத்து, துறையோடு உட்கார்ந்து பேசி, எந்தத் தடத்தை யார் பராமரிப்பது என்று ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. உலகின் மிகத் தாராளமான சட்டங்களில் ஒன்றின் கீழும் காரியம் நடக்க ஒரு திண்ணைப் பேச்சு தேவைப்பட்டது. வெர்மான்ட் தொடங்கிய இடத்துக்கு ஸ்காட்லாந்து சுற்றிவந்து சேர்ந்தது. சட்டம் வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. விரட்டப்படாமல் இருப்பதற்குச் சட்டம் போதும். வரவேற்கப்படுவதற்கு அது போதாது.

நிலத்தை அரசே வாங்கி நடத்தட்டும் என்போருக்கு வேல்ஸ் பதில் சொல்லிவிட்டது. 1990-களில் பிரிட்டனின் முதல் திட்டமிட்ட மலைச் சைக்கிள் மையமாக உருவான கோய்ட் அ ப்ரெனின் முழுக்க அரசுக் காட்டில் இருக்கிறது. நிலத்துக்காரரின் கோபம் என்ற அபாயமே இல்லை. பட்ஜெட் என்ற அபாயம் இருந்தது. செலவைக் குறைக்க வேண்டியிருந்ததால், 2025 மார்ச் முடிவில் பொறுப்பான அரசு அமைப்பு அங்கிருந்த உணவகத்தையும் கடையையும் மூடிவிட்டது. தடங்கள் மிஞ்சின. அரசும் ஒரு நிலத்துக்காரர்தான், நாம் திண்ணையில் போய்ப் பேச முடியாத நிலத்துக்காரர். தவிர, பண்ணையை வாங்கிப் பூங்காவாக்கிவிட்டால் அது பண்ணையாக இருக்காது. வசந்தத்தில் மேப்பிள் மரங்களுக்கிடையே கட்டிய குழாய்களில் சாறு வடிவது, 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சி ஒரு லிட்டர் பாகு எடுக்கும் கொட்டகையின் புகை, வெட்டிய வைக்கோலின் வாசனை: மிதித்து வருகிறவர்கள் பார்க்க விரும்புவதும் இவற்றைத்தானே.

சரி, வெறும் நல்லெண்ணம் நிலைக்குமா என்று கேட்டால், நிலைத்த உதாரணம் அதே மாநிலத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. வெர்மான்ட்டின் பனிவண்டிக்காரர்கள் சங்கம் 1967-இல் தொடங்கியது. சுமார் 5,000 மைல் தடங்கள். பெரும்பகுதி தனியார் நிலம். அதுவும் எஞ்சின் உறுமும் வண்டிகள். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி? டிசம்பர் 16 முதல் ஏப்ரல் 15 வரைதான் தடம் திறக்கும். அந்த மாதங்களில் வயலில் விவசாயிக்கு வேலையில்லை, மண் உறைந்து கிடக்கிறது. மேலும், மாநிலச் சங்கத்தின் தடத்தில் ஓட்ட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு உள்ளூர்க் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தே ஆக வேண்டும். எங்கிருந்து வந்தாலும் ஓர் ஊரோடு பெயர் ஒட்டிக்கொள்கிறது. தவறு நடந்தால் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். காலத்திலும் உறவிலும் ஒரு வரம்பு தொடக்கத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. சைக்கிளுக்கு அந்த வரம்பு இல்லை. அதன் பருவமே விவசாயியின் பருவம். நாள் சீட்டு வாங்கியவர் மாலையில் பெயரில்லாமல் போய்விடுகிறார்.

எண்ணிக்கைக்கு வரம்பு என்றதும் எழும் கடைசி ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பால் பண்ணை போன ஊரில் வருகையைக் குறைப்பது யார் வயிற்றில் அடிப்பது? விடுதியில் படுக்கை விரிப்பவரின் வேலைதானே முதலில் போகும்? வரம்பு என்றால் கட்டணம் ஏறும், ஏறினால் வசதியுள்ளவர் மட்டும் வருவார். உண்மைதான். ஆனால் மூடப்பட்ட தடம் எந்த வேலையையும் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. வரம்பைக் கட்டணத்தால்தான் போட வேண்டும் என்றில்லை. ஒரு மேட்டுக்கு எத்தனை கார் வரலாம் என்பதை வாகன நிறுத்தம் தீர்மானிக்கிறது. அதைப் பெரிதாக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. ஞாயிறு கூட்டம் புதன்கிழமைக்கு நகரட்டும், டார்லிங் மேட்டின் நெரிசல் பக்கத்து ஊர்களுக்குப் பிரியட்டும். வரும் பணம் புதிய தடம் வெட்டுவதற்கு முன் கழிப்பறைக்கும் சாலைக்கும் பண்ணை வாசலில் நிற்க ஓர் ஆளுக்கும் போகட்டும். 2019-க்குப் பிறகு கிங்டம் ட்ரெயில்ஸே ‘நன்றியோடு ஓட்டு’ என்று ஒரு வாசகத்தைப் பரப்பியது. தடங்கள் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆய்வும் நடத்தியது. வாசகத்தைவிட ஆய்வு நல்ல அறிகுறி. ஆனால் தாங்கும் அளவை வல்லுநர் மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு மேட்டில் 400 சைக்கிள் அதிகமா 800 அதிகமா என்பதை அந்த மேட்டில் காலை மாட்டுக்குப் புல் போடுகிறவர்தான் சொல்ல வேண்டும். அவருடைய பதில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மகன் பண்ணையை எடுத்துக்கொண்டால் மாறும், முட்டி வலி கூடினாலும் மாறும். வேட்டைப் பலகைக்கு ஆண்டுதோறும் தேதி போடச் சொல்லும் மாநிலத்தில், சைக்கிள் அனுமதியையும் ஆண்டுதோறும் போய்க் கேட்பது பெரிய காரியமில்லை. நூறு வீடுகள், வீட்டுக்கு ஒரு மணி நேரம். சேற்றுப் பருவத்தில் தடம் மூடிக் கிடக்கும் வாரங்களில் சங்கத்துக்காரர்களுக்கு அதற்கு நேரம் இருக்கும். வயலில் இறங்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கும்தான்.